கோலும் கழையும்: செங்கல்பட்டிலிருந்து ஒரு தாண்டல் வரலாறு

1

2022 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் முடிவுக்கு வந்தது. கடைசி நாளில் ஆண்களுக்கான கோலூன்றித் தாண்டுதல் இறுதிப் போட்டி. சுவீடனுக்காகத் தாண்டிய அர்மான்ட் டுப்ளாண்டிஸ் 6.21 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்தார். இரண்டாவது அமெரிக்காவின் கிறிஸ் நீல்சன். மூன்றாவது பிலிப்பைன்ஸின் எர்னஸ்ட் ஜான் ஒபியேனா. இருவரும் தாண்டியது 5.94. ஒபியேனாவின் தாண்டல் அன்றைய ஆசிய சாதனை. இந்தியர் யாரும் அந்தக் களத்தில் இல்லை.

அதே வாரம் நம்ம பக்கம் வேறொரு திருவிழா. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டைத் தொடங்கிவைத்தார்கள். மறுநாளிலிருந்து ஆகஸ்ட் 9 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஆட்டங்கள். நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை இரண்டிலும் குதிரை முகம் வைத்த சின்னம் வேட்டி கட்டிக்கொண்டு நின்றது.

சதுரங்கத்தின்மீது எனக்குப் பகை எதுவுமில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி வருகிறது. உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு இந்தச் சமூகம் கொடுக்கும் மரியாதையும், உடம்பைத் தூக்கி எறியும் ஆட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதையும் ஏன் ஒன்றாக இல்லை? 'மூளை விளையாட்டு', 'உடம்பு விளையாட்டு' என்கிற பிரிவினை எங்கிருந்து வந்தது? 'இதிலெல்லாம் சாதி பார்ப்பீங்களா சார்' என்று கேட்கிறவர்கள் உண்டு. பார்த்துத்தான் ஆக வேண்டும். உடலுழைப்பை இழிவென்று வகுத்த ஒரு சமூகம் உடல் விளையாட்டை மட்டும் தனியே மதித்துவிடுமா?

இந்தக் கட்டுரை ஒரு மூங்கிலைப் பின்தொடர்ந்து போகிறது. அந்த மூங்கிலைக் கையில் பிடித்தவன் யார், எப்போது அவன் 'வீரன்' ஆனான், எப்போது 'குற்றவாளி' ஆனான் என்பதுதான் விஷயம்.

2

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதைக் கோலூன்றித் தாண்டுதல் என்கிறோம். ஈழத்தில் கோலூன்றிப் பாய்தல் என்கிறார்கள். இரண்டிலும் கோல் இருக்கிறது. கோல் நமக்கு வெறும் கம்பு இல்லை. செங்கோல், கொடுங்கோல், கோலோச்சுதல் என்று ஆட்சியதிகாரத்தோடு ஒட்டிய சொல். இதே பொருளுக்கு இன்னொரு சொல்லும் இருக்கிறது: கழை. அது கூத்தாடியோடு ஒட்டிக்கொண்டது. கழைக்கூத்து, கழைக்கூத்தாடி. அரசன் கையில் இருந்தால் கோல், நாடோடி கையில் இருந்தால் கழை. விளையாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மொழி யோசிக்காமல் செய்வதில்தான் வரலாறு படிந்து கிடக்கிறது.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் படித்தபோது கோலூன்றித் தாண்டுவதைப் பார்த்தேன். டிரில் மாஸ்டர் மூங்கில் மண்டியிலிருந்து ஒரு கழி வாங்கி வருவார். கணு செதுக்கி, விளக்கெண்ணெய் தடவி, கைப்பிடிக்குத் துணி சுற்றுவார்கள். இரண்டு சவுக்குக் கட்டையை நட்டு, ஆணி அடித்து, குறுக்கே ஒரு மூங்கில் பிளாச்சு. விழுகிற இடத்தில் பாலாற்று மணல். அவ்வளவுதான் மைதானம். எங்கள் வகுப்பில் நன்றாகத் தாண்டியவன் சேரியிலிருந்து வந்த ஒரு பையன். அவனைப் பார்த்து நானும் ஒரு சாயங்காலம் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. பெரியப்பா ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "கழைக்கூத்தாடி வேலையெல்லாம் நமக்கெதுக்குடா?"

ரொம்ப நாள் அதை ஒரு கிழவரின் வசவு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் தோன்றியது, அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நூற்றாண்டுச் சட்டமும் அதற்கும் முந்தைய சாதிய அறிவும் சேர்ந்தே பேசியிருக்கின்றன.

3

முதலில் மூங்கிலின் கதை. ஐரோப்பாவில் இந்தத் தாண்டல் உயரத்துக்காகத் தொடங்கவில்லை. நெதர்லாந்தின் பிரீஸ்லாந்திலும் இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும் கால்வாய் தாண்ட விவசாயிகள் கம்பு வைத்திருந்தார்கள். அக்கரைக்குப் போவதுதான் நோக்கம். பிரீஸ்லாந்தில் கால்வாய்மீது கம்பூன்றித் தாவும் போட்டி இன்றும் நடக்கிறது.

நம்மிடமும் கால்வாய் இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் என்று கடலை ஒட்டியே ஓடும் பக்கிங்காம் கால்வாய். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், சோற்றுக்கில்லாமல் வந்தவர்களைப் பஞ்ச நிவாரண வேலை என்று மண் வெட்டவிட்டு, அடையாறையும் கூவத்தையும் இணைத்த பகுதியை வெட்டினார்கள். வேலை வாங்கிய கவர்னரின் பெயர் கால்வாய்க்கு வந்தது. அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகளைப் படகுக்காரர்கள் நீளக் கழியைத் தரையில் ஊன்றி, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார்கள். கழி ஊன்றி உடம்பை உந்தும் அறிவு இந்தக் கரைக்குப் புதிதில்லை. ஆனால் கழி ஊன்றிப் பிழைத்தவனை எந்த விளையாட்டு வரலாறும் தன் முன்னோன் என்று எழுதுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பள்ளிகளும் உடற்பயிற்சிக் கழகங்களும் கம்பைக் கால்வாயிலிருந்து எடுத்து மைதானத்தில் நட்டன. அகலம் உயரமாக மாறியது. உயரத்தை அளக்கலாம், பதியலாம், ஒப்பிடலாம். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் வில்லியம் ஹோய்ட் 3.30 மீட்டர் தாண்டி வென்றார். கட்டையான மரக் கம்புகள் போய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூங்கில் வந்தது. லேசானது, கொஞ்சம் வளையும். மூங்கில் ஆசியாவின் பொருள். ஆனால் மூங்கில் வைத்திருந்த எல்லா ஆசியர்களும் மேடையேறவில்லை. அதற்கு ஒரு தேசிய அரசும் பல்கலைக்கழகமும் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. ஜப்பானிடம் அவை இருந்தன. 1936 பெர்லினில், இட்லரின் கண்ணெதிரே நடந்த ஒலிம்பிக்கில், ஜப்பானின் ஷுஹெய் நிஷிடாவும் சுவெவோ ஓவெவும் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தார்கள். நாடு திரும்பியதும் வெள்ளியையும் வெண்கலத்தையும் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டி, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். நட்புப் பதக்கம் என்று உலகமே கொண்டாடும் கதை இது. கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஓவெ 1941 டிசம்பரில் ஜப்பானியப் பேரரசின் சிப்பாயாக வேக் தீவில் செத்துப்போனார். உடலைத் தயார் செய்த அதே அரசு அதைப் பயன்படுத்தியும் கொண்டது.

மூங்கிலின் உச்சம் அமெரிக்காவின் கார்னெலியஸ் வார்மர்டாம். 1942இல் 4.77 மீட்டர். அதற்குப் பிறகு உலோகம், 1960களில் கண்ணாடியிழை. இந்தக் கடைசி மாற்றத்தின் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவனின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால் அவன் சுமார் 5.1 மீட்டர் எழும்பலாம். அவன் உடலின் ஈர்ப்பு மையம் ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக ஆறு மீட்டருக்குச் சற்று மேல். கைகளால் கோலைத் தள்ளி ஏறுவது மிச்சம். கேள்வி, ஓட்டத்தின் ஆற்றலைக் கோல் எவ்வளவு வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான். மூங்கில் கொஞ்சம் கொடுத்தது. கண்ணாடியிழைக் கோல் வில்லாக வளைந்து பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. அதுவும் தாண்டுகிறவனின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற கோலாக இருந்தால்தான். ஒருவனுக்கு ஒரு கோல் போதாது. தேற, தேற வேறு வேறு விறைப்பில் ஒரு கட்டு கோல் வேண்டும்.

சர்வதேச விதியைப் படித்தால் சிரிப்பு வரும். கோல் எந்தப் பொருளாலும் இருக்கலாம், எந்த நீளத்திலும் இருக்கலாம், மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் போதும். முழுச் சுதந்திரம்! சந்தையும் இப்படித்தான் பேசும்: யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். 1972 மியூனிக்கில் இந்தச் சமத்துவம் ஒரு முறை வெடித்தது. அமெரிக்காவின் பாப் சீகிரன் முதலானோர் கொண்டுவந்த புதுவகைக் கோல் எல்லோருக்கும் முன்கூட்டிக் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சர்வதேசச் சங்கம் தடை போட்டது, தடையை நீக்கியது, மறுபடி போட்டது. கடைசியில் கிழக்கு ஜெர்மனியின் உல்ப்காங் நோர்ட்விக் 5.50 தாண்டித் தங்கம் வாங்கினார். வேறு கோலோடு தாண்டிய சீகிரன் வெள்ளியோடு நின்றார். ஆத்திரத்தில் தனக்குக் கொடுத்த கோலைக் கொண்டுபோய் அதிகாரியிடமே திணித்தார். 'எல்லோருக்கும் கிடைக்கவில்லை' என்கிற வாதம் அமெரிக்காவுக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் நடுவில் செல்லுபடியானது. செங்கல்பட்டுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் அதே வாதத்தை யாரும் எழுப்பியதில்லை. எழுப்பினால் போட்டியே நடக்காது.

4

இப்போது கழைக்கு வருவோம்.

குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலி ஓர் உவமையாக வருகிறது. கழை நட்டு, கயிறு கட்டி, பறை கொட்டி, ஊர் ஊராக ஆடிய மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் பார்வையில் இருக்கிறார்கள், வெளியாட்களாக. உயரமான கழையின் நுனியில் வயிற்றை வைத்துச் சுழல்வது, கழையைக் குறுக்கே பிடித்துக் கயிற்றில் நடப்பது, ஓடிவந்து அந்தரத்தில் குட்டிக்கரணம் போடுவது எல்லாம் அவர்கள் வித்தை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் தொம்மரா என்ற தலைப்பில் இவர்களைப் பற்றி எழுதும்போது ஆங்கிலத்தில் பயன்படுத்திய சொற்களில் ஒன்று 'அத்லெட்ஸ்'. ஆம், தடகள வீரர்கள். காலனிய இனவரைவியல் இவர்களை வீரர்கள் என்றே பதிந்தது. ஆனால் எந்த அட்டவணையில் சேர்த்தது என்பதுதான் கேள்வி.

1871இல் வட இந்தியாவுக்குக் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலையாக ஓரிடத்தில் இல்லாத, வரிக்கும் கூலிக்கும் பிடிபடாத உடல்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை ஆயின. ரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் போய்விட்டது. தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் என்ற பெயர் நிற்கிறது, பழைய முத்திரையின் தழும்பாக. ஊர் ஊராகத் திரிவதே குற்றம் என்றான பிறகு கழையை எங்கே நடுவது? 1959 பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம், பாடுவது, ஆடுவது, வித்தை காட்டுவது எல்லாவற்றையும் பிச்சையெடுப்பதற்கான சாக்காகவே கண்டது.

இதே காலத்தில் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் நடந்ததைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி வந்தது. தண்டனை பெற்ற சிறுவர்களைத் தொழிலும் ஒழுங்கும் கற்பித்து 'நேராக்க' ஓர் இடம். 1924இல் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் லேடி வெலிங்டன் பெயரில் தொழுநோயாளர் குடியிருப்பு. இடையில் 1920இல், அமெரிக்கரான ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைச் சென்னையில் ஆரம்பித்தார். பிற்பாடு அது சைதாப்பேட்டைப் பக்கம் இடம் மாறியது. சைதாப்பேட்டைதான் அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் தலைநகர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் பக்தான்.

ஒரே ஜில்லாவில் கோணலான உடலுக்கு ஒரு மதில், நோயான உடலுக்கு ஒரு மதில், நிமிர்ந்த உடலுக்கு ஒரு மைதானம். பூக்கோ சிறையையும் பள்ளியையும் மருத்துவமனையையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசியதைப் படித்து நாம் பாரிசைக் கற்பனை செய்துகொண்டிருந்தோம். கொளவாய் ஏரிக்கரையில் ரயிலேறினால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. நம் கிராமத்து ஆட்டங்களையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தக் கல்லூரியில் இருந்தார்கள். நான் சொல்வது வேறு. உடலை மதிக்கக் கற்றுக்கொடுத்த நவீனம், எந்த உடல் ஏற்கெனவே பயின்று வந்ததோ அதைத் தேடிப் போகவில்லை. தாண்டத் தெரிந்தவன் காவல் நிலையத்தில் ரேகை வைத்துக்கொண்டிருந்தபோது, தாண்டத் தெரியாதவனுக்குத் தாண்டுதலைப் பாடமாக நடத்தினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழைக்கூத்தை அப்படியே போற்றிப் பாடும் வேலை நமக்கு வேண்டாம். கயிற்றின்மேல் நடந்த சிறுமி பசிக்காக நடந்தாள். விழுந்தால் கீழே மெத்தை கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது சரிதான். ஆனால் அதே வயதுப் பிள்ளை விளையாட்டு அகாதெமியில் தினமும் பல மணி நேரம் பயிற்சி எடுத்தால் அதைத் திறமை என்கிறோம். வித்தியாசம் உழைப்பில் இல்லை. அந்த உழைப்பின் முடிவில் சான்றிதழ் கிடைக்கிறதா, தட்டில் சில்லறை விழுகிறதா என்பதில் இருக்கிறது. கழையைத் தடை செய்தவர்கள் அந்தச் சிறுமிக்கு ஒரு கோலைக் கொடுத்தார்களா?

5

அடுத்தது நமக்கே வலிக்கும் இடம். விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்கிறவர்களுக்கும், அரசியல் வேண்டும் என்று சொல்கிற நமக்கும்.

1995 டிசம்பர் 18 முதல் 27 வரை சென்னையில் ஏழாவது தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா. இலங்கை அணி வந்தது, ஓடியது, பதக்கம் வாங்கியது. அதற்கு முன் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து மக்கள் லட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி ஊரைவிட்டு வெளியேறினார்கள். டிசம்பர் 5 அன்று இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தில் கொடியேற்றியது. பதின்மூன்றாம் நாள் சென்னையில் போட்டிகள் தொடக்கம். 1991 மே 21 அன்று, அப்போது இதே ஜில்லாவில் இருந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டதற்குப் பிந்தைய தமிழ்நாடு அது. ஈழம் என்ற சொல்லே சந்தேகத்துக்குரியது. செங்கல்பட்டில் சிறப்பு முகாம் என்ற பெயரில் ஒரு சிறை இயங்கியது. ஈழத் தமிழர்களை, வழக்கில் விடுதலையோ ஜாமீனோ கிடைத்த பிறகும், அயல்நாட்டார் சட்டத்தைக் காட்டி அங்கே அடைத்து வைத்தார்கள். போட்டி நடந்த அரங்கத்திலிருந்து ரயிலில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த மதிலைத் தொட்டுவிடலாம். யாரும் போகவில்லை.

பிறகு 2013. இருபதாவது ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப் ஜூலையில் சென்னையில் நடப்பதாக இருந்தது. ஆசியாவின் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஓட்டக்காரர்கள், எறிகிறவர்கள், தாண்டுகிறவர்கள் எல்லாம் வருவார்கள். கோலூன்றித் தாண்டுதலில் ஆசியாவின் முதல் வரிசை ஆட்களை நம் ஊர்ப் பையன்கள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருப்பார்கள். பிப்ரவரியில், பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் காவலில் உட்கார்ந்து எதையோ தின்னும் படமும், நெஞ்சில் குண்டுத் துளைகளோடு கிடக்கும் படமும் வெளிவந்தன. ஓரிரு நாளில் அதே ஜெயலலிதா அறிவித்தார்: இலங்கை வீரர்கள் வந்தால் தமிழ்நாட்டில் போட்டி இல்லை. போட்டி புனேவின் பாலேவாடிக்குப் போனது. ஜூலை 3 முதல் 7 வரை அங்கே நடந்தது. ஆண்கள் கோலூன்றித் தாண்டுதலில் சீனாவின் சுவெ சாங்ருயி தங்கம் வென்றார். இலங்கை அணியும் அங்கே போய் ஆடியது.

அந்த அறிவிப்பு வந்தபோது நானும் கை தட்டினேன். இன்றைக்கும் அதை முழுக்கத் தவறு என்று சொல்ல வாய் வரவில்லை. இனவெறித் தென்னாப்பிரிக்காவை உலக மைதானங்களிலிருந்து விலக்கி வைத்தது நியாயமான ஆயுதம்தான். ஆனால் அந்தப் புறக்கணிப்பை ஒடுக்கப்பட்டவர்களின் இயக்கமே கேட்டது, பல்லாண்டு தொடர்ந்தது, இன்ன கோரிக்கை நிறைவேறினால் முடியும் என்று சொல்லப்பட்டது. 2013இல் நடந்தது என்ன? கொதித்தெழுந்த மக்கள் கோபத்தை ஓர் அரசு ஒரு கடிதத்தால் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. அதே மாநிலத்தின் முகாம்களில் ஈழ அகதிகள் காவல்துறையின் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்றபடியே இருந்தார்கள். செங்கல்பட்டுச் சிறப்பு முகாமின் கதவு அந்த அறிவிப்பால் ஓர் அங்குலம்கூடத் திறக்கவில்லை. கொழும்பின் கோலை எதிர்த்த கை, தன் கையில் இருந்த கோலைக் கீழே வைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போருக்குப் பின் ஈழத்தில் கோலூன்றிப் பாய்தல் வேர்விட்டது. உயர்பாதுகாப்பு வலயமாக ராணுவம் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது தெல்லிப்பழை. அங்கே மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் 2014க்குப் பிறகு இலங்கையின் பெண்கள் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்தார். ஆண்களில் அருந்தவராசா புவிதரன் அந்த நாட்டின் முன்னணிப் பாய்ச்சல்காரர்களில் ஒருவரானார். இவர்கள் சர்வதேசப் போட்டிக்குப் போனால் நெஞ்சில் சிங்கக் கொடிதான் இருக்கும். நாம் போட்ட தடை நிலைத்திருந்தால் சென்னை வாசலில் இவர்களையும் சேர்த்துத்தான் திருப்பியனுப்பியிருப்போம். 'இலங்கை வீரர்' என்று மொத்தமாகப் பேசிய நம் சொல்லாடலில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் இருந்ததா? தேசங்களின் பெயரால் மட்டுமே உடல்களை எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எதிர்க்கும்போதும் நாம் அப்படியேதான் எண்ணினோம்.

6

இன்றைய நிலை என்ன? 1987இல் விஜய் பால் சிங் வைத்த இந்திய ஆண்கள் சாதனை முப்பது ஆண்டுகள் அசையவில்லை. அதே காலத்தில் உக்ரைனின் செர்கெய் புப்கா 35 முறை உலக சாதனையை மாற்றினார், பல தடவை ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட்டி. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பரிசுப் பணம் இருந்தது. பிறகு தமிழ்நாட்டிலிருந்து எஸ். சிவா வந்தார். 2022 அக்டோபரில் காந்திநகர் தேசிய விளையாட்டில் 5.31 தாண்டினார். அந்தப் போட்டியில் அவர் தமிழ்நாட்டுக்காகத் தாண்டவில்லை, ராணுவத்தின் சர்வீசஸ் அணிக்காகத் தாண்டினார். ஏழை வீட்டுப் பையனுக்குக் கோலும் சோறும் சம்பளமும் சேர்ந்து கிடைக்கிற இடம் இந்த நாட்டில் அனேகமாக ராணுவமும் ரயில்வேயும் போலீசும்தான். அதே போட்டியில் தமிழ்நாட்டின் ரோசி மீனா பால்ராஜ் பெண்கள் சாதனையை 4.20க்கு ஏற்றினார். உடைந்தது 2014இல் இன்னொரு தமிழ்ப் பெண்ணான வி.எஸ். சுரேகா வைத்த 4.15.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா 5.32, 5.35, 5.40 என்று சாதனையை மூன்று முறை உயர்த்தினார். 2026 ஜனவரியில் அவரும் சக வீரர் ஒருவரும் போட்டி முடித்துத் திரும்புகையில், ரயிலில் கோல்களைக் கொண்டுவந்ததற்காகப் பன்வெல் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இதை நிர்வாகக் கோளாறு என்று எழுதிக் கடந்துவிடலாம். எனக்கு 1911 ஞாபகத்துக்கு வந்தது. நீளமான கம்போடு ஊர் ஊராகப் போகிற உடலை இந்த அரசு இன்னும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. தேசிய சாதனையாளன் என்பது விசாரணைக்குப் பிறகுதான் தெரிகிறது. அதுவரை அவன் கழைக்கூத்தாடி.

2025 செப்டம்பரில் டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் டுப்ளாண்டிஸ் 6.30 தாண்டினார். அவர் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் லூசியானாவில், வீட்டுத் தோட்டத்திலேயே தாண்டுகுழி இருந்த குடும்பத்தில். அது அவர் குற்றமில்லை. ஆனால் 5.40க்கும் 6.30க்கும் நடுவிலுள்ள 90 சென்டிமீட்டரை 'நம்மாளுக்குத் திறமை போதாது' என்று விளக்குகிறவர்கள் அந்தத் தோட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டிலேயே இப்படியொன்று மாநிலத்துக்கு இருப்பது பெருமைதான். அங்கிருந்து தொடங்கக் கூடியவை உண்டு. மூங்கிலிலிருந்து கண்ணாடியிழை வரை பல விறைப்பில் கோல்களை வாங்கி, பள்ளிகளுக்கு நூலகப் புத்தகம்போல இரவல் தரலாம். சீர்மரபினர் பட்டியலில் இருக்கும் கழைக்கூத்துக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப் போகலாம். அந்தப் பெரியவர்களைக் கலைவிழாவில் காட்சிக்கு வைக்காமல், சம்பளம் கொடுத்துச் சமநிலை சொல்லித்தரும் ஆசிரியர்களாக வைக்கலாம். அகதி முகாம் பிள்ளைகள் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் எந்தச் சான்றிதழும் இடறாமல் ஆட வழி செய்யலாம். இவை புரட்சி இல்லை. இவற்றைக்கூடக் கேட்காமல் புரட்சி பேசிக்கொண்டிருந்தோம் என்பதுதான் உறுத்துகிறது.

என்னோடு படித்த அந்தச் சேரிப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பள்ளியிலிருந்து வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு மூங்கிலோடு போனான். அங்கே வசதியான பள்ளிப் பையன் ஒருவனிடம் முதன்முதலாகக் கண்ணாடியிழைக் கோலைப் பார்த்தான். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலை அவன் எங்களிடம் சொன்னதில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு கட்டட வேலை. மாமல்லபுரம் சாலையில் எழும்பிய அடுக்குமாடிகளுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டினான். டோக்கியோ போட்டிக்குப் பிறகு ஒரு நாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கைப்பேசியில் அந்தத் தாண்டலைக் காட்டினேன். திரும்பத் திரும்ப மூன்று முறை பார்த்தான். "ஊன்றப்போ இடது கைய மடக்காம வுடறான் பாரு, நமக்கு அத எவனும் சொல்லித் தரல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கோலு என்னா வெல இருக்கும்?" என்று கேட்டான். தன் பேரனுக்காகக் கேட்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது.